பெரிய நம்பர், மெல்லிசு நூல்

மேசையின் மேல் நீளமான ஒரு மரப்பெட்டி. பெட்டியின் மேல் இழுத்துக் கட்டிய கம்பி. கம்பியின் நுனியில் எடைக் கற்கள் தொங்கின. கம்பியின் நடுவில் மிஸ் ஒரு காகிதத் துண்டை மடித்துக் கவிழ்த்து வைத்தார். இசைக்கவையை ரப்பர் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டிப் பெட்டியின் மேல் ஊன்றினார். காகிதம் துள்ளிக் கீழே விழுந்தது. வகுப்பே "ஆ" என்றது.

பிளஸ் ஒன் பிசிக்ஸ் லேபில் எனக்குப் பிடித்த ஒரே சாமான் அந்த சோனாமீட்டர்தான். மற்றவை எல்லாம் என்னைப் பார்த்து முறைப்பது போலவே இருக்கும்.

மிஸ் கரும்பலகையில் இரண்டு கோடு போட்டார். ஒன்றின் பக்கத்தில் இருபது, இன்னொன்றின் பக்கத்தில் நாற்பது என்று எழுதினார். "இது ரெண்டும் கம்பி. பக்கத்துல இருக்கறது மியூ. இழுவிசை ரெண்டுக்கும் ஒண்ணுதான். எதுல அலை வேகமாப் போகும்? மகேஸ்வரி, நீ சொல்லு."

எனக்கு இது தெரியும் என்று நினைத்தேன். மெல்லிய கம்பியில்தான் வேகம் அதிகம் என்று போன வகுப்பில் சொல்லியிருந்தார். எழுந்து நின்று தைரியமாகச் சொன்னேன். "நாப்பதுலதானுங்க மிஸ்."

எனக்குப் பின்னால் பாதி வகுப்பு தலையாட்டியது. மிஸ்ஸின் முகம் கடுகடுவென்று ஆகிவிட்டது.

"தப்பு. போன வாரம் பூரா இதைத்தானே நடத்தினேன்? புரிஞ்சுதுன்னு சொன்னீங்களே. இப்பவாவது புரிஞ்சுதா இல்லையா?"

"புரிஞ்சுதுங்க மிஸ்" என்றோம் எல்லோரும், ஒரே குரலில்.

புரிஞ்சுதுங்க

இந்த 'புரிஞ்சுதுங்க' பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மற்ற ஊர்க்காரர்கள் எங்கள் திருப்பூர்ப் பேச்சைக் கேட்டு, எவ்வளவு மரியாதை என்று மெச்சுவார்கள். மரியாதை உண்டுதான். அந்த மரியாதையால் நான் இரண்டு பரீட்சைகளில் பிசிக்ஸில் பெயில் ஆனேன் என்பது அவர்களுக்குத் தெரியாது.

'புரியலைங்க' என்று ஒருவர் முகத்துக்கு நேரே சொல்வது, 'நீங்க சொன்ன விதம் சரியில்லை' என்று சொல்வதற்குச் சமம் என்று நாங்கள் வளர்க்கப்பட்டிருந்தோம். விருந்துக்குப் போன வீட்டில் குழம்பில் உப்பில்லை என்று யாராவது சொல்வார்களா? அதே கதைதான். மண்டையில் ஒன்றும் ஏறாவிட்டாலும் வாய் தானாகப் 'புரிஞ்சுதுங்க' என்றுவிடும்.

டியூஷனுக்கும் போய்ப் பார்த்தேன். ஒரு கல்யாண மண்டபம் அளவுக்குக் கூடம், முன்னால் மைக் பிடித்த ஒரு சார். அவரும் வரிக்கு வரி "புரிஞ்சுதா?" என்பார். நாங்களும் வரிக்கு வரி "புரிஞ்சுதுங்க சார்" என்போம். மைக் வைத்திருந்ததால் அவர் குரல் மட்டும் பெரிதாகக் கேட்டது.

காலாண்டில் பெயில். அரையாண்டிலும் பெயில்.

கருப்புப் படம்

அப்புறம் எதற்கு அந்த சயன்ஸ் குரூப்பை எடுத்தாய் என்று யாரும் கேட்கலாம். அதற்குக் காரணம் ஒரு உடைந்த கை.

ஐந்தாவதோ ஆறாவதோ படிக்கும்போது, சேவூரில் சித்தி ஊட்டுக்குப் போன இடத்தில் சைக்கிளிலிருந்து விழுந்தேன். அப்பா செய்தி கேட்டு நல்லூரில் எங்கள் வீட்டிலிருந்து நிட்டிங் மெஷின் எண்ணெய் படிந்த சட்டையோடே வந்து என்னைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார். ஜில்லென்று ஒரு பலகை மேல் கையை வைக்கச் சொன்னார்கள். கொஞ்ச நேரத்தில் ஒரு கருப்புப் படம் வந்தது. அதில் என் எலும்பு வெள்ளையாகத் தெரிந்தது. நடுவில் தலைமுடி மாதிரி ஒரு கீறல்.

வலி மறந்துவிட்டது. தோலை உரிக்காமல் என் எலும்பை எனக்கே காட்டிவிட்டார்களே என்று அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பாவும் வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் அதை டியூப் லைட்டுக்கு நேரே பிடித்துக் காட்டுவார். "என்ற புள்ளையோட எலும்புங்க" என்று அதில் ஒரு பெருமை வேறு.

எக்ஸ்ரே எடுக்கும் படிப்புத்தான் படிக்க வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். அதற்குப் பிசிக்ஸ் வேண்டும் என்று பிறகுதான் தெரிந்தது.

அரையாண்டு முடிந்ததும் மிஸ் அப்பாவை வரச் சொன்னார். கோபமாக ஒன்றும் பேசவில்லை. "பிளஸ் டூவுல இன்னும் கஷ்டமா இருக்கும்ங்க. வர்ற திருப்புதல் தேர்வுல பாஸ் பண்ணட்டும், பார்க்கலாம். இல்லேன்னா ஜூன்ல காமர்ஸ் குரூப்ல முதல்ல இருந்து சேர்த்துடுங்க. ஒரு வருஷம் போனாலும் பொண்ணு நிம்மதியாப் படிப்பா."

அப்பா கைகளைக் கட்டிக்கொண்டு கேட்டார். "சரிங்க மிஸ்" என்றார்.

வீட்டுக்கு வரும்போது பைக்கில் எங்கள் தெருவைத் தாண்டிப் போய்விட்டார். நான் தோளைத் தட்டியதும்தான் வண்டியைத் திருப்பினார். இறங்கும்போது, "வராத பாடத்தைப் போட்டு ஏன் கண்ணு அலட்டிக்கறே? பனியன் கம்பெனியில எத்தனையோ வேலை இருக்குது" என்றார். திட்டியிருந்தால்கூட எதிர்த்துப் பேசியிருப்பேன். இப்படி அன்பாகச் சொன்னதற்கு என்ன சொல்வது?

சிவப்பு அம்பு

எனக்குப் பக்கத்து பெஞ்சில் முத்துக்கனி என்று ஒருத்தி இருந்தாள். திருநெல்வேலிப் பக்கத்துக்காரி. ஒன்பதாவதில் எங்கள் பள்ளிக்கு வந்தாள். அவள் அம்மா பனியன் கம்பெனியில் செக்கிங்கில் இருந்தார். நல்லூரில் எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி லைன் வீட்டில் குடியிருந்தார்கள்.

கனிக்கு வாய் அதிகம். வகுப்பில் சந்தேகம் கேட்கிறவள் அவள் ஒருத்திதான். "மிஸ், வெளங்கலியே" என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே சொல்வாள். எங்களுக்குக் கூச்சமாக இருக்கும். என்ன பொண்ணு இது என்று நானே மற்றவர்களிடம் சொல்லியிருக்கிறேன்.

ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் சைக்கிள் ஸ்டாண்டு ஓரமாக உட்கார்ந்து கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து குரல் கேட்டது.

"ஏட்டி மகேசு, சரியா வந்தத எதுக்கு அழிக்க?"

"இல்லீங்க, சரியா வரலீங்க."

"எனக்கு எதுக்குட்டி 'ங்க' போடுத? நான் என்ன ஒங்க பெரியம்மையா?"

பக்கத்தில் உட்கார்ந்து என் நோட்டைப் பிடுங்கினாள். மேலிருந்து கீழே விரலை ஓட்டிக்கொண்டே வந்தாள். ஓரிடத்தில் நிறுத்தினாள். ஜியாமெட்ரி பாக்ஸைத் திறந்து, ஒரு தாளிலிருந்து சின்னதாகச் சிவப்பு ஸ்டிக்கர் ஒன்றை உரித்து அந்த வரியில் ஒட்டினாள். அம்புக்குறி ஸ்டிக்கர்.

திருப்பூரில் இதைப் பார்க்காதவர்கள் குறைவு. செக்கிங் டேபிளில் ஒரு பீஸைப் பார்க்கும்போது தையல் விட்டிருந்தாலோ ஓட்டை இருந்தாலோ, அந்த இடத்தில் இந்த அம்பை ஒட்டிவிடுவார்கள். அந்த பீஸுக்குப் பெயர் ஆல்டர். அது திரும்ப டெய்லரிடம் போகும். என்ன கோளாறு என்று யாரும் விளக்குவதில்லை. அம்பைப் பார்த்தால் டெய்லருக்குத் தெரிந்துவிடும். கனி வீட்டில் இந்தத் தாள்கள் கிடக்கும்.

"என்ன தப்புன்னு சொல்லு" என்றேன்.

"சொல்ல மாட்டேன். சொன்னா அப்படியே எழுதிட்டுப் போயிருவ. எங்கன்னு மட்டும் காட்டுதேன். என்னன்னு நீ பாரு."

அன்றிலிருந்து தினமும் சாப்பாட்டு நேரத்தில் எங்களுக்கு இதுதான் வேலை. நான் கணக்குப் போடுவேன், அவள் அம்பு ஒட்டுவாள். சில நாள் என் நோட்டு ஆல்டர் மூட்டை மாதிரியே இருக்கும். மற்ற பாடப் பகுதிகளில் அம்புகள் மெல்லக் குறைந்தன. கம்பியும் அலையும் வரும் இடத்தில் மட்டும் குறையவே இல்லை.

கனி இன்றைக்கும் அப்படித்தான். இந்தத் தொடரின் ஒவ்வொரு அத்தியாயத்தையும் பத்திரிகைக்கு அனுப்பும் முன் அவளுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன். நன்றாக இருக்கிறது, இல்லை என்று ஒரு வார்த்தை சொல்ல மாட்டாள். எங்காவது சறுக்கியிருந்தால் அந்த வரியில் ஒரு சிவப்பு அம்பு போட்டுத் திருப்பி அனுப்புவாள்.

எந்த ஊரில்?

ஒரு நாள் கனி நோட்டின் பக்கங்களை முன்னும் பின்னும் புரட்டினாள்.

"இதப் பாரு. எல்லா அம்பும் ஒரே இடத்துலல்லா நிக்கு. சூத்திரம் சரியா எழுதுத, நம்பரும் சரியாப் போடுத. விடை வந்தப்புறம் அத அழிச்சிட்டு வேற எழுதுத. ஏன்?"

"நாப்பது போட்டா மெதுவாப் போவுதுன்னு வருது. அது எப்படி? நாப்பதுதானே மெல்லிசு? மெல்லிசுலதானே வேகமாப் போகோணும்? அதனால நான் எங்கயோ தப்புப் பண்ணியிருப்பேன்னு அழிச்சிட்டேன்."

"நாப்பது மெல்லிசுன்னு யாரு சொன்னா?"

"யாரு சொல்லோணும்? நாப்பதாம் நம்பர் மெல்லிசு, இருவதாம் நம்பர் தடி. பொறந்த குழந்தைக்குத் தெரியும்."

"எங்கூர்ல பொறந்த பிள்ளைக்குத் தெரியாதுட்டி" என்றாள் கனி.

நான் பேந்தப் பேந்த விழித்தேன். அவளும்தான். அவள் அம்மாவின் கைக்குத் தைத்து முடித்த பீஸ்தான் வரும். நூல் என்ன நம்பர் என்று அவர்கள் வீட்டில் பேச்சே எழுந்ததில்லை. எங்கள் வீட்டில் வேறு பேச்சே கிடையாது. வீட்டுக்கு முன்பக்கம் தகரக் கொட்டகையில் அப்பா பனியன் துணி பின்னும் இரண்டு நிட்டிங் மெஷின் ஓட்டிக்கொண்டிருந்தார். இருபது, முப்பது, நாற்பது எல்லாம் கணக்குப் பாடத்துக்கு முன்பே நூலாகத்தான் எனக்கு அறிமுகம்.

பள்ளிக்கூடம் விட்டதும் கனியை நேராகக் கொட்டகைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். உள்ளே பஞ்சுத் தூசி பறந்தது, எண்ணெய் வாசம். வட்ட வட்டமாக மெஷின் சுற்ற, துணி கீழே உருளையாக இறங்கிக்கொண்டிருந்தது.

"வா கண்ணு" என்று அப்பா கனிக்கு ஒரு ஸ்டூலைத் துடைத்துப் போட்டார்.

நூல் சுற்றிய இரண்டு கோன்களிலிருந்து இழையை இழுத்து அவள் கையில் கொடுத்தேன். கண்ணை மூடிக்கொண்டு விரலில் உருட்டிப் பார்த்தாள். "இது மெல்லிசு" என்றாள். கோனைத் திருப்பினால் நாற்பது.

"ஏனுங்கப்பா, நம்பர் ஏறுனா நூல் எதுக்கு மெல்லிசாகுது?" என்று கேட்டேன். அத்தனை வருஷத்தில் நான் அதைக் கேட்டதே இல்லை.

"ஒரே எடை நூல்ல எவ்வளவு நீளம் வருதுன்னு பாத்துத்தான் கண்ணு நம்பர். மெல்லிசா நூத்தா நீளம் சேந்து வரும். நம்பர் ஏறும்."

எனக்கு உடம்பு ஜிவ்வென்றது. பையிலிருந்து புத்தகத்தை எடுத்தேன். மியூ என்றால் ஓரலகு நீளத்தின் நிறை என்று போட்டிருந்தது. நூறு தடவை மனப்பாடம் செய்த வரி. அப்பா எடையைப் பிடித்துக்கொண்டு நீளத்தை அளக்கிறார். புத்தகம் நீளத்தைப் பிடித்துக்கொண்டு எடையை அளக்கிறது. அப்படியென்றால் புத்தகத்து நாற்பதுதான் தடி.

இதை நான் குதித்துக் குதித்துச் சொன்னதும் அப்பா புத்தகத்தை எட்டிப் பார்த்தார். "அப்ப உங்க புஸ்தகத்துல தலைகீழாப் போட்டுட்டாங்களாட்ட இருக்குதே" என்றார். கனி சிரித்த சிரிப்பில் ஸ்டூலிலிருந்து விழப் பார்த்தாள்.

அந்த நேரம் ஒரு மெஷின் பட்டென்று நின்று சிவப்பு விளக்கு எரிந்தது. கனி பயந்துவிட்டாள். "யாரு நிறுத்துனா?"

"நூல் அறுந்தா அதுவே நின்னுக்கும் கண்ணு. அறுந்த நூலோட ஓடாது" என்று அப்பா குனிந்து முடிச்சுப் போட்டு மறுபடி ஓடவிட்டார்.

விடை சரி

திருப்புதல் தேர்வு வந்தது, எழுதினேன். மிஸ் விடைத்தாள் கொடுத்த அன்று நான் பாஸ். மயிரிழையில்தான், ஆனாலும் பாஸ். தாளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கனியிடம் ஓடினேன்.

வாழ்த்துவாள் என்று பார்த்தால், தாளை வாங்கி மேலிருந்து கீழே விரலை ஓட்ட ஆரம்பித்துவிட்டாள். கடைசிப் பக்கத்தில் விரல் நின்றது. பாக்ஸைத் திறந்தாள்.

"அங்க மிஸ் டிக் போட்டிருக்காங்க கனி!"

"போட்டிருக்காவ. விடை சரிதான். வந்த வழி சரியில்ல." சிவப்பு அம்பை டிக்குக்குப் பக்கத்திலேயே ஒட்டினாள்.

பார்த்தேன். அதே கம்பி, அதே அலை. பரீட்சைப் பதற்றத்தில் பெரிய நம்பர் என்றால் வேகம் என்ற பழைய நினைப்பு வந்து சூத்திரத்தைத் தலைகீழாக எழுதியிருக்கிறேன். பிறகு 'உன் புத்தியைத் திருப்பிப் போடு' என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, இரண்டு கம்பிகளின் எண்களையும் இடம் மாற்றிவிட்டேன். இரண்டு தப்பும் ஒன்றையொன்று தின்று விடை சரியாக வந்துவிட்டது. மிஸ் விடையைப் பார்த்து டிக் போட்டுவிட்டார். அந்த மார்க் போனால் நான் பெயில்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "உனக்கென்ன, நீ நல்லாப் படிக்கறே. என்ற நிலைமை உனக்கு எப்படித் தெரியும்?" என்று கத்தினேன். கனி ஸ்டிக்கர் தாளை பாக்ஸுக்குள் வைத்து மூடினாள்.

மதியம் இரண்டு பீரியடும் அந்த அம்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். உரித்து எறிந்திருக்கலாம். உரித்தாலும் எனக்குத் தெரிந்த தப்பு தெரிந்ததுதானே? பிளஸ் டூவில் இரண்டு தடவை தலைகீழாகப் போட எனக்கு அதிர்ஷ்டம் இருக்குமா? ஒரு தடவை மட்டும் போட்டால்? எனக்கு அந்தப் பாடம் இன்னும் வரவில்லை. வர வேண்டும் என்று ஆசையாக இருந்தது. அவ்வளவுதான்.

மணி அடித்ததும் ஸ்டாஃப் ரூம் வாசலில் போய் நின்றேன். கனி என் பின்னால் வந்து நின்றாள்.

"மிஸ், இதுக்கு மார்க் போட்டிருக்கறீங்க. ஆனா இது தப்புங்க. எனக்கு இன்னும் புரியலைங்க."

சொல்லிவிட்டேன்.

மிஸ் தாளை வாங்கிப் பார்த்தார். அம்பைத் தடவிப் பார்த்தார். "ஏம்மா ரெண்டு தடவை திருப்பினே?" என்று கேட்டார். நான் நூல், நம்பர், கோன், அப்பா எல்லாவற்றையும் கொட்டினேன்.

மிஸ் கும்பகோணம் பக்கத்திலிருந்து மாற்றலில் வந்தவர். "நூலுக்கு நம்பர் உண்டுன்னே எனக்குத் தெரியாதேம்மா" என்றார். சிவப்புப் பேனாவை எடுத்து டிக்கை அடித்து, மார்க்கைக் குறைத்து, மொத்தத்தையும் திருத்தினார். மொத்தம் பாஸுக்குக் கீழே போய்விட்டது. தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "நாளைக்கு வகுப்புல பேசலாம்" என்றார்.

மறுநாள் வந்ததும் வராததுமாகக் கரும்பலகையில் இருபது, நாற்பது என்று எழுதினார். "பெரிய நம்பர்னா மெல்லிசுன்னு யாருக்கெல்லாம் தோணுது? கூச்சப்படாம கையைத் தூக்குங்க."

முதலில் நான் தூக்கினேன். பிறகு ஒன்று, இரண்டு என்று பாதி வகுப்புத் தூக்கியது. நிட்டிங் வைத்திருந்தவர்கள், நூல் கடைக்காரர்கள், விசைத்தறி வீட்டுப் பிள்ளைகள். எல்லோரும் ஒரே தப்பை, ஒரே காரணத்துக்காக, மரியாதையாகச் செய்துகொண்டு வந்திருக்கிறோம். மிஸ் அந்தக் கைகளை ஒவ்வொன்றாக எண்ணினார். பிறகு பாடத்தை முதலிலிருந்து நடத்தினார். முடித்துவிட்டு "புரிஞ்சுதா?" என்றார். வழக்கமான கோரஸ் கிளம்பியது. நடுவில் ஒரு மெல்லிய குரல், "எனக்குப் புரியலைங்க மிஸ்" என்றது. என் குரல் அல்ல. கனியுடையதும் அல்ல.

வகுப்பு முடிந்ததும் மிஸ் என்னைக் கூப்பிட்டார். "அப்பாகிட்ட சொல்லு. ஜூன்ல பிளஸ் டூ பிசிக்ஸ் புக் வாங்கச் சொல்லு" என்றார்.

அப்பா

இப்போது நாள் முழுக்க எக்ஸ்ரே அறையில்தான் இருக்கிறேன். "மூச்சை இழுத்துப் பிடிச்சுக்குங்க, புரிஞ்சுதுங்களா?" என்றால் எல்லோரும் "புரிஞ்சுதுங்க" என்பார்கள். நான் நம்புவதில்லை. ஒரு தடவை செய்து காட்டச் சொல்வேன்.

மிஸ் புக் வாங்கச் சொன்ன அன்று சாயங்காலம் நானும் கனியும் கொட்டகைக்கு ஓடினோம். மெஷின் சத்தத்தில் கத்தித்தான் சொன்னேன். மிஸ் சொன்னதை அப்படியே சொன்னேன். அப்பா ஸ்டூலிலிருந்து எழுந்து, மிஸ்ஸே எதிரில் நிற்பது போல, "சரிங்க" என்றார். பிறகு திரும்பி, அறுந்த நூலைக் கட்டக் குனிந்தார்.

இந்த அத்தியாயத்தை இந்த வரியோடு முடித்துத்தான் கனிக்கு அனுப்பினேன். கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்தது. ஒரு வார்த்தை இல்லை. கடைசி வரியில் சிவப்பு அம்பு.

திரும்பத் திரும்பப் படித்தேன். அவள் சொல்வது சரிதான். நூல் அறுந்திருந்தால் மெஷின் நின்றிருக்கும். மெஷின் இரண்டும் ஓடிக்கொண்டுதான் இருந்தன.

அப்பா அழுதார்.